எந்த எஞ்சின் சொந்த எஞ்சின்?

கொரட்டூர் ஏரிக்கு அணித்தான தெரு ஒன்றில், தகரக் கொட்டகையின் கீழ், காண்டஸா கார் ஒன்று இரண்டு ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. அதன் காரணமாக அவ்வீட்டில் தந்தையும் மகனும் ஏழு வாரங்களாக முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்று மருமகள் நம்மிடம் வந்து முறையிட்டபோது, உண்மையைச் சொன்னால், நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாகப்பிரிவினைச் சண்டைகளைப் பார்த்திருக்கிறோம். சம்பந்தி வீட்டுச் சண்டைகளைப் பார்த்திருக்கிறோம். ஓடாத காருக்கு எந்த எஞ்சினை வைப்பது என்று வழக்காடி, ஒரே வீட்டில் இருவர் தனித்தனி வேளையில் உணவருந்துவதை அதுவரை கேள்வியுற்றதில்லை. சிரித்தது பிழை என்பது, மறுநாள் மாலை அவ்வீட்டுக் கூடத்தில் அமர்ந்த சற்று நேரத்திலேயே விளங்கிற்று. எட்டு வயதுப் பேத்தி, தாத்தாவின் அறைக்கும் தந்தையின் அறைக்கும் இடையே செய்தி சுமந்து ஓடிக்கொண்டிருந்தாள்.

பெரியவர், பாடியில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் லேத் இயந்திரத்தின் முன் 34 ஆண்டுகள் நின்று ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் பந்தயக் களமாக மாறியிருந்த சோழவரத்துக்கு, வாலிப வயதில் சைக்கிளில் சென்று கார்ப் பந்தயம் பார்த்தவர். 1997-ஆம் ஆண்டில் இந்தக் காண்டஸாவைப் பழைய வண்டியாக வாங்கினார். மகள் மணக்கோலத்தில் ஏறிச் சென்றது இந்த வண்டியில். மறைந்த மனைவியார் கடைசி முறையாக வேளாங்கண்ணிக்குச் சென்றதும் இதில்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில், மகன் குடும்பத்தோடு வேலூரிலிருந்து திரும்புகையில் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. அன்று முதல் வண்டி கொட்டகையில்.

மகன் ஒரகடத்துப் பக்கம் கார் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். அவர் புதுப்பேட்டையில் தேடி, குவாலிஸ் வண்டியின் டீசல் எஞ்சின் ஒன்றைப் பார்த்து விலையும் பேசிவிட்டார். மவுண்டிங் செய்து பொருத்தித் தர அம்பத்தூரில் ஆளும் உண்டு. “அந்த எஞ்சின் இந்த வீட்டு வாசலுக்கு வந்தால், வண்டியை அன்றைக்கே காயலான் கடைக்கு அனுப்பிவிடுவேன்” என்பது பெரியவரின் தீர்ப்பு.

வழக்கு இவ்வளவே ஆயின் நாம் இப்பக்கத்தில் எழுதியிருக்கமாட்டோம். மகன் தம் கட்சிக்கு ஆதாரமாக ஜப்பானியப் பந்தயக் கார் ஒன்றை இழுத்தார். “உலகத்திலேயே பெயர்பெற்ற ரோட்டரி எஞ்சின் வண்டி, ஃபாதர். மாஸ்டா ஆர்.எக்ஸ்-7. அதிலேயே அந்த எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு அமெரிக்க எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்து ஓட்டுகிறார்கள். காண்டஸாவுக்கு என்ன வந்தது?” என்றார். பெரியவர் தம் அறையிலிருந்தே, “அந்த வண்டியைக் கெடுத்தவர்களை அந்த ஊரிலேயே திட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்” என்றார், பேத்தியிடம்.

ரோட்டரி எஞ்சின் என்றால் யாது என்று நமக்கு அன்று தெரியாது. தெரியாமல் மத்தியஸ்தம் பண்ணுவது முறையன்று என்று எண்ணி, அடுத்த சில நாட்கள் கிடைத்ததையெல்லாம் படித்தோம். பட்டறை வைத்திருக்கும் அன்பர் ஒருவரிடம் பாடமும் கேட்டோம்.

நம் தாய்மார்களுக்கு அவ்வெஞ்சினை விளக்குவது எளிது. சாதாரணக் கார் எஞ்சின், உரலும் உலக்கையும் போன்றது. பிஸ்டன் மேலும் கீழுமாக இடித்துக்கொண்டே இருக்கும். அந்த இடியைக் கிராங்க் என்னும் தண்டு சுழற்சியாக மாற்றித் தரும். ரோட்டரி எஞ்சினோ ஆட்டுக்கல்லும் குழவியும் போன்றது. இடை சற்றே ஒடுங்கிய நிலக்கடலைக் காய் வடிவில் ஓர் அறை. அதனுள், பக்கங்கள் உப்பிய முக்கோணம் ஒன்று மையம் விலகிச் சுழல்கிறது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் மூன்று தனித்தனி அறைகளாகி, காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியை உள்ளிழுத்து, நெருக்கி, எரித்து, வெளித்தள்ளுகின்றன. வால்வு இல்லை, பிஸ்டன் இல்லை, மேலும் கீழும் போகும் பொருள் எதுவும் இல்லை. ஆகவே அதிர்வு மிகக் குறைவு. அதன் சுழற்சி எளிதில் எல்லை கடந்து விடும் என்பதால், எச்சரிக்கை ஒலி எழுப்பும் ஏற்பாட்டையே அந்தக் கார்களில் வைத்தார்களாம்.

இதைக் கற்பனை செய்தவர் ஃபெலிக்ஸ் வாங்கெல் என்னும் ஜெர்மானியர். 1902-இல் பிறந்த இவர் பட்டம் பெற்ற பொறியாளர் அல்லர். கார் ஓட்டும் உரிமமும் கடைசி வரை பெறவில்லை. என்.எஸ்.யு. நிறுவனத்தில் இவருடைய எஞ்சின் முதன்முதலாக 1957-இல் ஓடிற்று. பத்து ஆண்டுகள் கழித்து அந்நிறுவனம் ஆர்.ஓ.80 என்னும் காரை வெளியிட்டது; மறு ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருது கிடைத்தது. ஆனால் சோதனை காத்திருந்தது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஆவி கசியாதபடி அடைக்கும் மெல்லிய முத்திரைப் பட்டைகள் உண்டு. நம் பிஸ்டன் ரிங்குகள் செய்யும் வேலையை அவையே செய்கின்றன. அப்பட்டைகள் விரைவில் தேய்ந்தன. கார்கள் திரும்பி வந்தன. நிறுவனம் எஞ்சின்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தே நொடித்து, 1969-இல் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

நம் கொரட்டூர் வழக்கின் ஆதிமூலம் இங்கேதான் இருக்கிறது. எஞ்சின் தேய்ந்த ஆர்.ஓ.80 கார்களை வைத்துக்கொண்டு தவித்தவர் பலர், குறிப்பாக இங்கிலாந்தில், அதைக் கழற்றிவிட்டு ஃபோர்டு நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் வி-வடிவ எஞ்சினைப் பொருத்தினார்கள். அந்த இடத்தில் நீளம் குறைந்த எஞ்சின்தான் அடங்கும். இது அடங்கிற்று, அவ்வளவே. அதிர்வற்ற ஓட்டத்துக்காகவே வாங்கப்பட்ட காரில், அதிர்வுக்குப் பெயர்போன எஞ்சின்! ஆயினும் அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அவர்களுக்கு வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது.

ஹிரோஷிமா நகரத்து மாஸ்டா நிறுவனம் வேறு வழியில் போயிற்று. 1961-இல் உரிமம் வாங்கிய அவர்களுக்கும் அதே நோய்தான் கண்டது. பட்டைகள் அறையின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல் இட்டன. “பேயின் நகக் கீறல்” என்று அதற்குப் பெயரிட்டுவிட்டு, கெனிச்சி யாமமோட்டோ என்பவர் தலைமையில் 47 பொறியாளர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். கரியோடு அலுமினியம் சேர்த்த பட்டையைக் கண்டுபிடித்த பின்னர், 1967-இல் காஸ்மோ என்னும் கார் விற்பனைக்கு வந்தது. ஆர்.எக்ஸ்-7 வந்தது 1978-இல்; 2002-இல் நிறுத்தப்படுவதற்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. 1991-இல், பிரான்ஸ் நாட்டு லெ மான் நகரில் 24 மணி நேரம் இடையறாது நடக்கும் பந்தயத்தில், நான்கு சுழலிகள் கொண்ட மாஸ்டா வண்டி முதலிடம் பெற்றது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அப்பந்தயத்தை வென்றது அதுவே முதல் முறை.

நம் நாட்டிலும் இவ்வெஞ்சினை அறியாதார் இல்லை. ‘நிஷாந்த்’ என்னும் ஆளில்லா உளவு விமானத்துக்கு வெளிநாட்டு எஞ்சினைப் பொருத்திவந்த நம் விஞ்ஞானிகள், அதற்குப் பதிலாக உள்நாட்டிலேயே செய்த வாங்கெல் எஞ்சினை 2009-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் கோலார் அருகே பறக்கவிட்டுச் சோதித்தார்கள். அங்கே எஞ்சின் மாற்றம் தலைகீழாக நடந்திருக்கிறது, பாருங்கள்.

இப்பொழுது ஆர்.எக்ஸ்-7 சச்சரவுக்கு வருவோம். மாற்றுவோர் சொல்வது இது: ரோட்டரி எஞ்சின் பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கிறது. பட்டைகளுக்கு மசகிட எண்ணெயையும் தானே எரித்துக்கொள்கிறது. கடைசித் தலைமுறை வண்டியில் இரட்டை டர்போ. அதைச் சூழ்ந்த குழாய்களோ நூல்கண்டுச் சிக்கல். ஒரு பட்டை உடைந்தால் முழு எஞ்சினையும் பிரித்தாக வேண்டும்; பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர்கூட இல்லை. அமெரிக்க எட்டு சிலிண்டர் எஞ்சினோ அலுமினியத்தில் வார்த்தது. எடை அப்படியொன்றும் கூடாது. எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைப்பார். இதில் எந்த வாதத்தையும் பொய் என்று தள்ள இயலாது.

மறுகட்சியார் வாதம் ஒன்றே ஒன்று. நமக்கு அது கனமானதாகப் படுகிறது. அந்தக் காரில் எஞ்சினைத் தவிர வேறு எது முதலில் தோன்றிற்று? எஞ்சின் சிறிதாக இருந்ததால் அதை முன் அச்சுக்குப் பின்னே தள்ளி வைக்க முடிந்தது. அதனால் எடை முன்னும் பின்னும் சமனாயிற்று, பானெட் தாழ்ந்தது, திருப்பங்களில் வண்டி கைக்கு அடங்கிற்று. காருக்காக எஞ்சின் செய்யப்படவில்லை. எஞ்சினுக்காகக் கார் செய்யப்பட்டது. அதைக் கழற்றியபின் எஞ்சியிருப்பது அழகான கூடு. வேகமான கூடாகவும் இருக்கலாம். நம் அபிப்பிராயத்தில், ஆர்.எக்ஸ்-7 வழக்கில் கொரட்டூர்ப் பெரியவரே வெல்கிறார். பிழைப்புக்காக அதை ஓட்டுபவர் யாரும் இலர். அந்த எஞ்சினுக்காக அல்லவென்றால், அந்த வண்டியை வாங்குவதற்கே முகாந்திரம் இல்லை.

இந்தத் தெளிவோடு நாம் மறுபடியும் கொரட்டூருக்குச் சென்றோம். வழியில்தான் சங்கடம் தோன்றிற்று. காண்டஸாவின் சொந்த எஞ்சின் எது?

அந்தக் காரின் உடல், இங்கிலாந்தில் வாக்ஸால் நிறுவனம் 1970-களில் செய்த விக்டர் என்னும் வண்டியின் உடல். அங்கே அதில் 1.8 லிட்டர், 2.3 லிட்டர் எஞ்சின்கள் இருந்தன. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் அதைக் கொண்டுவந்தபோது, அம்பாசிடரில் ஓடிக்கொண்டிருந்த 1,489 சி.சி. எஞ்சினையே தூக்கி வைத்தார்கள். சுமார் 50 குதிரைத்திறன். வாட்டசாட்டமான மாப்பிள்ளைக்குக் கேப்பைக் கூழ் ஊற்றியது போல. சில ஆண்டுகள் சென்ற பின்னரே ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ 88 குதிரைத்திறனோடு, அதில் ஏறிற்று. பிறகு இசுசு டீசலும் வந்தது. 2002-இல் உற்பத்தி நின்றபோது, அந்த ஓர் உடல் இந்திய மண்ணில் மூன்று வேறு எஞ்சின்களோடு வாழ்ந்து முடித்திருந்தது. அதாவது, பெரியவர் உயிரைக் கொடுத்துக் காக்கும் ‘ஒரிஜினல்’ எஞ்சினே, மாற்றிப் பொருத்தப்பட்ட ஒன்று.

சென்னையிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் ஹெரால்டு கார்கள் செய்யப்பட்டதை நம் மூத்த வாசகர்கள் அறிவார்கள். அங்கே 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் கார் வெளிவந்தது. உடல், 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்ற ரோவர் வண்டியினுடையது. அங்கே அதில் 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின். இங்கே, பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர் எஞ்சின். 1988-க்குள் கதை முடிந்துவிட்டது. தொழிற்சாலையே மாற்றினாலும் பொருந்தாதது பொருந்தாது.

பொருந்தியதும் உண்டு. டீசல் மலிவாயிருந்த நாட்களில், மாட்டடார் வேனின் டீசல் எஞ்சினை அம்பாசிடரில் வைத்து வாடகைக்கு ஓட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த டாக்ஸிக்காரர்களை நாம் நேரில் அறிவோம். அவர்களிடம் போய் ‘ஒரிஜினல்’ பற்றி உபதேசிக்க நமக்கு வாய் வராது. பந்தயக் களத்திலும் அப்படியே: கோயம்புத்தூர் கரிவர்தன் 1988-இல் ஃபார்முலா மாருதி என்னும் பந்தய வண்டியை அமைத்தபோது, அதில் ஓடியது வீட்டு உபயோகத்துக்கான மாருதி 800 எஞ்சினே. இளைஞர் எத்தனையோ பேர் அதில்தான் பந்தயம் பழகினார்கள்.

ஆகவே, காண்டஸாவில் எஞ்சினை மாற்றுவது தெய்வ குற்றம் அன்று என்று பெரியவரிடம் சொல்லிவிடலாம் என்றே உள்ளே நுழைந்தோம். சொல்லவும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னது: “விக்டர், இசுசு எல்லாம் எனக்கும் தெரியும், ஃபாதர். இந்த எஞ்சினை மூன்று தடவை நான் பிரித்துச் சேர்த்திருக்கிறேன். எந்த போல்ட்டு எவ்வளவு இறுக்கம் கேட்கும் என்று என் கை சொல்லும். அந்த டீசல் வந்துவிட்டால், பானெட்டைத் திறந்து பார்க்க எனக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது?”

நாம் படித்துச் சென்ற வாதங்களில் இதற்குப் பதில் இல்லை.

மகனிடம் தனியே பேசினோம். அவருக்கு வேகத்திலும் ஆசையில்லை, ஜப்பானியக் காரிலும் ஆசையில்லை என்பது வெளிப்பட்டது. அந்த வேலூர்ச் சாலை இரவில், லாரிகள் உரசிச் செல்லும் ஓரத்தில், அழும் குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றாராம். வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்து, “இதற்குச் சாமான் கிடைக்காது, அண்ணா” என்று மூடிவிட்டாராம். “அப்பா பக்கத்தில் இருந்தால்தான் ஓடும் வண்டியில், அப்பா இல்லாமல் நான் எப்படிக் குடும்பத்தை ஏற்றுவது?” என்றார். இதற்கும் நம்மிடம் பதில் இல்லை. ஊரில் பழுதுபார்க்க ஆள் இல்லாததால் ரோட்டரி எஞ்சினைக் கழற்றியவர்கள் சொன்னதும் ஏறத்தாழ இதுவே என்பது நினைவுக்கு வந்தது.

ஒரு காரியத்தில் மட்டும் மகனைக் கண்டிப்பாக எச்சரித்தோம், அனுபவம் உண்டு. இளங்குருவாக இருந்த நாட்களில் நமது பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் பழுதாக, ஒருவர் மலிவாக வேறு எஞ்சினை மாற்றிக் கொடுத்தார். எண்ணைப் பார்க்க வேண்டும் என்ற அறிவு நமக்கு இல்லை. ஒருநாள் சாலைச் சோதனையில், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண் ஒன்று, எஞ்சினில் உள்ள எண் வேறொன்று. வெள்ளை அங்கியோடு காவல் நிலைய பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். நிலையத்துக்கு வந்தவர்களெல்லாம் நாம் யாருக்கோ ஜாமீன் கொடுக்க வந்திருப்பதாக எண்ணி வணங்கிச் சென்றது தனி வேதனை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், ஆர்.சி.யில் பதிய வேண்டும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதிபடக் கூறியிருக்கிறது. ஒப்புதல் இன்றி மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் பணம் வருமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டியை டீசலாக்குவது புதுப்பேட்டையில் விலை பேசி முடிக்கும் காரியம் அன்று. மகன் இதைக் கேட்டுச் சற்றே தளர்ந்தார். இங்கே நாம் பெரியவர் பக்கம் சாய்ந்துவிட்டோமோ என்னவோ!

முடிவாக ஓர் ஏற்பாட்டைச் சொன்னோம். வரும் பொங்கல் வரை பழைய எஞ்சினுக்கு அவகாசம். அதற்குள் பெரியவர் அதைப் பிரித்துச் சேர்க்கட்டும். ஆனால் தனியே அல்ல, மகனை அருகில் வைத்துக்கொண்டு. ஸ்பானரைப் பிடிப்பது மகனுடைய கை. பொங்கலுக்குள் ஓடாவிட்டால், அதிகாரியின் ஒப்புதல் கிடைக்குமாயின் டீசல் வரட்டும். மவுண்டிங் தகடுகளைப் பெரியவரே தம் கையால் அளந்து செய்யட்டும். கழற்றிய எஞ்சினைக் காயலான் கடைக்கு அனுப்பாமல், கிரீஸ் தடவி, கோணி சுற்றி, அதே கொட்டகையில் வைக்க வேண்டும். ஆர்.எக்ஸ்-7 காரர்களிலும் புத்திசாலிகள், கழற்றிய ரோட்டரி எஞ்சினை விற்காமல் மூலையில் வைத்திருப்பார்கள் என்று பட்டறை அன்பர் சொல்லியிருந்தார். இருவரும் சரி என்றார்கள், நம்மைப் பார்த்து. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

சென்ற சனிக்கிழமை அந்தப் பக்கம் போக நேர்ந்தது. ஹெட்டைக் கழற்றி விட்டார்கள். கொதித்ததில் வளைந்திருக்கிறது; வெடிப்பு இல்லை என்று பெரியவர் சொல்கிறார், இருக்கிறது என்று மகன் சொல்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் மட்டம் பிடிக்கும் பட்டறைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். ஜி.பி. ரோட்டில் கேஸ்கட் கிடைத்துவிட்டது. வால்வுகளுக்கு இன்னும் அலைய வேண்டும். வண்டி ஓடுமா என்று கேட்டதற்கு இருவரும் வெவ்வேறு பதில் சொன்னார்கள். பேத்தி பானெட்டின் அருகே முக்காலி போட்டு நின்று டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நம்மைப் பார்த்த மகிழ்ச்சியில் வெளிச்சம் விலகிவிட, “விளக்கை இங்கே காட்டு!” என்று தாத்தாவும் தந்தையும் ஒரே குரலில் அவளை அதட்டினார்கள்.